இறங்கிய பாதரசம்

1701-ல் டான்சிக் நகரத்து வணிகர் ஒருவரும் அவர் மனைவியும் விஷக்காளானைத் தின்று ஒரே நாளில் இறந்துபோனார்கள். பதினைந்து வயது மகன் வியாபாரம் பழக ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பப்பட்டான். பையனின் மனமோ கடையை விட்டுக் கண்ணாடிக் குழாய்களுக்குத் தாவியது. அவன் பெயர் டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட். அன்றைய வெப்பமானிகள் ஆளுக்கொரு கணக்குச் சொல்லின. 1714 வாக்கில் அவர் குழாய்க்குள் பாதரசத்தை ஊற்றினார். சூட்டில் அது சீராக ஏறியது, குளிரில் சீராக இறங்கியது, கண்ணாடியில் ஒட்டவும் இல்லை. ஆனால் அந்தக் கருவி நோயாளியிடம் போய்ச்சேர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

ஒரு அடி நீளக் குழாயை இருபது நிமிடம் அக்குளில் இடுக்கியபடி எந்த நோயாளி படுத்திருப்பார்? 1866-ல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் கிளிஃபர்ட் ஆல்பட் அதை ஆறு அங்குலமாகக் குறுக்கினார். ஐந்து நிமிடத்தில் காய்ச்சல் தெரிந்தது. அதே நாட்டில், ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரசம் பூசிய தொப்பித் தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது, பேச்சு குழறியது. அந்த நடுக்கத்துக்கும் இந்தக் கருவிக்கும் முடிச்சுப் போட அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பாதரசம் சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து மூளைக்குள் நுழைந்து, அங்கே வேறு வடிவெடுத்துத் தங்கிவிடும். பிறகு சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறும். சில்லறை எண்ணும்போது கணக்குத் தவறும். நேற்றுக் கற்ற வேலை இன்று நினைவில் நிற்காது. 1956-ல் ஜப்பானின் மினமாட்டாவில் அதைவிடக் கொடியது வெளிப்பட்டது. ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியே தாய்மாரைச் சேர்ந்தது. பெரிதாக நோய்க்குறி தெரியாத தாய்மாருக்கும் மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. உலகம் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மாறாக, 1983-ல் அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த ஒரு தெர்மாமீட்டர் ஆலை கப்பலேறிப் பழனி மலைக்கு வந்தது. கொடைக்கானலில், பாம்பார் சோலையின் விளிம்பில் பாண்ட்ஸ் நிறுவனம் அதை நிறுவியது. 1987-ல் அந்த நிறுவனம் யூனிலீவர் கைக்குப் போனது. மலைவாழ் இளைஞர்கள் குழாய்களில் பாதரசம் நிரப்பினார்கள், பெரும்பகுதி ஏற்றுமதியானது. 2001 மார்ச்சில் அதே ஊரின் மூஞ்சிக்கல் பகுதியில், ஒரு பழைய இரும்புக் கடையில் ஊர்க்காரர்கள் உடைந்த கண்ணாடிக் குவியலைக் கண்டார்கள். உள்ளே மினுமினுத்தது பாதரசம்.

அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. கொடைக்கானல் ஏரி மீன்களில் பாதரசம் இருப்பதை 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது. நடுக்கம், மறதி, சிறுநீரகக் கோளாறு என்று தொழிலாளர்கள் முறையிட்டார்கள்; வேலையால் வந்த நோய் அல்ல என்று நிறுவனம் மறுத்தது. வழக்கு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக இழுத்தது. 2015-ல் இதைப் பற்றிப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு இணையத்தில் பரவி, மறந்திருந்தவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. மறு ஆண்டு 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு கையெழுத்தானது. அதற்குள் உலக அரங்கில் இன்னொரு முடிவு எடுக்கப்பட்டிருந்தது.

2013-ல் நாடுகள் கூடி, பாதரசத்துக்கு எதிராக மினமாட்டா ஒப்பந்தம் செய்தன. பாதரச வெப்பமானிகளின் தயாரிப்பை நிறுத்த 2020 என்று கெடு குறித்தன. 2018-ல் இந்தியாவும் அந்த ஒப்பந்தத்துக்கு ஏற்புறுதி அளித்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் மருந்துக்கடையில் வாங்கிவரும், பீப் என்று ஒலிக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் அப்படித்தான் வீடுகளில் நிலைத்தது. அதற்குள் இருப்பது சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் ஒரு சிறு துண்டு. கீழே விழுந்து உடைந்தாலும் பாதரசம் சிந்தாது. இந்த நிம்மதிக்கு மினமாட்டாவின் குழந்தைகளும், கொடைக்கானலில் பதினைந்து ஆண்டு வாய் ஓயாமல் நியாயம் கேட்ட தொழிலாளர்களும் பாடுபட்டிருக்கிறார்கள். அதைப் பள்ளிப் பாடம் சொல்ல வேண்டும்.