பள்ளிக்கு எல்லை இருந்ததா? சவ்வாது மலையடிவாரச் சமணத் தலங்களும் மறைமாவட்டம் என்ற கருத்தும்

ஆம்பூர் – வாணியம்பாடிப் பக்கம் மலையம்பட்டு ஊரையொட்டி இருக்கிறது ஆர்மாமலைக் குகை. இயற்கையாக அமைந்த பெரிய பாறைக்குடை அது. அதன் அடியில் மண்கல்லால் சுவர் எழுப்பி, 8ஆம் நூற்றாண்டை ஒட்டி யாரோ அதைச் சமணக் கோயிலாக ஆக்கியிருக்கிறார்கள். மேற்கூரைப் பாறையில் காரை பூசித் தீட்டிய ஓவியங்களின் மிச்சம் உண்டு. தாமரைக்குளமும் எண்திசைக் காவலர் உருவங்களும் அவற்றுள் அடையாளம் காணப்பட்டுள்ளன. சித்தன்னவாசலைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தாமரைகள் உடனே அதை நினைவூட்டும். வேகாத மண்கல் இத்தனை நூற்றாண்டு நின்றதற்குப் பாறை தந்த நிழல்தான் காரணம். மழை நேராக அடித்திருந்தால் ஒரு தலைமுறைகூடத் தாங்கியிருக்காது.

இந்தக் குகையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: ‘இது எந்தப் பள்ளியின் (சமணத் துறவியர் மடத்தின்) கிளை?’ ஆலங்காயத்தை மேற்கு அடிவாரத்தில் வைத்துச் சவ்வாது மலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால், கிழக்கே போளூர் அருகில் திருமலையும், அதையும் தாண்டி வந்தவாசி அருகே விடாலும் (இன்றைய வேடல்), வடகிழக்கே ஆர்க்காட்டுப் பஞ்சபாண்டவமலையும் வள்ளிமலையும் கிடைக்கும். வரைபடத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கக் கை துறுதுறுக்கும். திருமலையைத் தலைமைப் பீடமாகவும் மற்றவற்றைக் கிளைகளாகவும் கொண்டு ஒரு ‘சமண மண்டலம்’ வரைந்துவிடலாம். அப்படி வரைவது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். பள்ளிகளின் உறவு ஆசிரியர் – மாணாக்கர் வழியாக ஓடியது. நிலப்பரப்பை வளைத்து ‘இதற்குள் இருப்பவர் எல்லாரும் இந்தப் பள்ளியைச் சார்ந்தவர்’ என்று சொல்லும் அமைப்பு 9 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையான இவ்வட்டாரக் கல்வெட்டுகளில் தென்படவில்லை.

இதே பிழையை நம்மைவிட நீண்ட காலம் செய்து, பிறகு தங்களுக்குள் சண்டையிட்டுத் திருத்திக்கொண்டவர்கள் அயர்லாந்து வரலாற்றாசிரியர்கள். அந்தக் கதை நமக்குப் பயன்படும். 6ஆம் நூற்றாண்டின் நடுவில் சியாரன் என்ற துறவி ஷானன் ஆற்றங்கரையில் கிளான்மக்னாய்ஸ் மடத்தை நிறுவினார். 563இல் கொலம்பா அயர்லாந்தை விட்டுப்போய் அயோனாத் தீவில் மடம் கண்டார். அயோனாவில் மடத்தலைவர் வெறும் குருவாகவே இருந்தார், ஆயர்களும் அவருக்கு அடங்கி நடந்தார்கள் என்று 731இல் வரலாறு எழுதி முடித்த பீட் வியப்போடு குறிக்கிறார். இதை வைத்து, பழைய ஐரிஷ் திருச்சபை முழுவதும் மடங்களின் ஆட்சியில் இருந்தது, சிதறிக் கிடந்த கிளை மடங்களின் கூட்டமே மறைமாவட்டத்தின் இடத்தை நிரப்பியது என்று ஒரு சித்திரம் உருவாயிற்று. கேத்லீன் ஹியூஸ் 1966இல் எழுதிய நூல் அதற்கு நல்ல வடிவம் தந்தது. 1984இல் ரிச்சர்ட் ஷார்ப் அதை உலுக்கினார்: மடத்தின் சொத்து வேறு, ஆயரின் அருள்பணி வேறு, இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டோம் என்றார். 1999இல் கொல்மான் எச்சிங்ஹாம் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, மடத்தலைமை, ஆயர் பதவி, சொத்துரிமை மூன்றும் ஒரே இடத்தில் பல விதமாகக் கலந்திருந்ததைக் காட்டினார்.

எல்லை போட்ட மறைமாவட்டங்கள் 1111இல் ராத் பிரசெயில் பேரவையில் வரையப்பட்டன. அதில் கிளான்மக்னாய்சுக்கு இடமில்லை. ஐந்நூறு ஆண்டுப் புகழ் கொண்ட மடம் பட்டியலில் விடுபட்டது! அதே ஆண்டு உஷ்னாவில் இன்னொரு கூட்டம் கூடி, மீத் நாட்டை இரண்டாகப் பிரித்து மேற்குப் பாதியை அதற்குக் கொடுத்தது. 1152 கெல்ஸ் பேரவையில் நான்கு பேராயர் பீடங்களோடு வரைபடம் உறைந்தது. மடத்தின் பெருமை எல்லையைத் தானாகப் பெற்றுத் தரவில்லை. அரச நாடுகளின் கோடுகளை ஒட்டி யாரோ உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள்.

சைவ மடங்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் புதுமை குறைவு. தருமபுர ஆதீனத்துக்கு வைத்தீஸ்வரன்கோயிலும் திருக்கடையூரும் உண்டு. ஆனால் அவற்றைச் சுற்றிய ஊர்களெல்லாம் ஆதீனத்தின் ‘ஆட்சி எல்லை’ என்று யாரும் சொல்வதில்லை. திருப்பனந்தாள் மடத்தின் வேர் காசியில் இருக்கிறது. இதை இயல்பாக ஏற்கும் நாம், சமணப் பள்ளி என்றதும் மட்டும் வட்டம் போட முனைவது ஏன் என்பது எனக்கு விளங்கியதில்லை.

இனிச் சான்றுகள். வள்ளிமலையில் கங்க அரசன் ராஜமல்லன் குகைக்கோயில் அமைத்ததைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. அருகே, பாலசந்திர படாரரின் மாணாக்கர் அஜ்ஜநந்தி படாரர் திருமேனி செய்வித்த செய்தி. இன்னொரு உருவம் பவணந்தியின் மாணாக்கரும் பாண அரசனுக்குக் குருவுமான தேவசேனர். மூன்று செய்திகளிலும் அரசன் பெயரோ ஆசிரியர் பெயரோ வருகிறது, தலைமைப் பள்ளியின் பெயர் வரவில்லை. அச்சணந்தி என்ற பெயர் மதுரையைச் சுற்றிய ஆனைமலை, அழகர்மலை, சமணமலை, அப்பால் உத்தமபாளையம் என்று பல குன்றுகளிலும் வெட்டப்பட்டிருக்கிறது. வள்ளிமலை அஜ்ஜநந்தியும் இந்த அச்சணந்தியும் ஒருவரே என்று கொள்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. எப்படிக் கொண்டாலும், ஒரு துறவியின் பெயர் பாண்டிய நாட்டில் மலைக்கு மலை தாவிச் செல்கிறது. எந்த வட்டத்துக்குள் இதை அடைப்பது?

விடால் கல்வெட்டு இன்னும் கூர்மையானது. முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டு, அதாவது 885ஐ ஒட்டியது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கி கனகவீரக் குரத்தியார் அங்கே ஐந்நூறு பேரோடு இருக்கிறார். நானூறு பேர் கொண்ட இன்னொரு தரப்போடு அவர்களுக்குப் பிணக்கு. ஐந்நூறும் நானூறும் அப்படியே எண்ணிய கணக்கா, வழக்குச் சொல்லா என்பதை விட்டுவிடுவோம். ஊரே அறிந்த பெரிய தகராறு என்பது தெளிவு. இதில் நான் அழுத்த விரும்புவது தீர்வு வந்த வழி. கனகவீரக் குரத்தியாரையும் அவரது பிள்ளைகளையும் காத்து உணவிடும் பொறுப்பை ஊர்ச் சமணர்கள் ஏற்கிறார்கள். மேலே ஓர் ஆசாரியரிடம் முறையிட்டதாகக் கல்வெட்டில் இல்லை. பீடம் ஒன்று ஆள் அனுப்பித் தீர்த்ததாகவும் இல்லை. எல்லை வகுத்த சமய ஆட்சி இருந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்க வேண்டிய இடம் இதுதான். சோறு போட்ட ஊர்தான் நீதி சொன்னது.

திருமலைக்கு வருவோம். ‘சமண மண்டலம்’ வாதத்துக்குத் திருமலையே பெரிய துணை என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. நேமிநாதரின் 16 மீட்டர் உயர உருவம் தமிழகச் சமண உருவங்களுள் மிக உயரமானது. அதை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த எவருக்கும் இது ஒரு தலைநகர்தான் என்று தோன்றும். கல்வெட்டுகள் வேறு பேசுகின்றன.

முதலாம் ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டில் (1005–06) குணவீர மாமுனிவன், கணிசேகர மருபொற்சூரியன் என்பவர் பெயரால் ஒரு கலிங்கு கட்டினார். மலையின் இரு பக்கமும் நெல் விளையக் கண்டதாகக் கல்வெட்டு மகிழ்கிறது. ஏரி நீர் மதகு கடந்து வயலுக்குப் போவதை நின்று பார்த்த ஒரு துறவி! தவமும் நீர்ப்பாசனமும் இவ்வளவு அருகருகே வரும் கல்வெட்டு அரிது.

ராஜேந்திரனின் 13ஆம் ஆட்சியாண்டு. மலையுச்சிப் பாறையில் அவனது நீண்ட மெய்க்கீர்த்தி, கங்கைப் படையெடுப்பு வரை, பொறிக்கப்பட்டிருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறார்கள். அத்தனை வெற்றிகளும் ஒரு விளக்குக் கொடைக்கு முகப்புரை என்பதை மறந்துவிடக் கூடாது. பெரும்பாணப்பாடியின் கரைவழியில் உள்ள மல்லியூர் வணிகர் நன்னப்பையன் மனைவி சாமுண்டப்பை, திருமலைக் குந்தவை ஜினாலயத்துக்கு நந்தாவிளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் கொடுக்கிறார். கோயிலின் முகவரி இது: ஜயங்கொண்டசோழ மண்டலத்துப் பங்கள நாட்டு நடுவில்வகை முகைநாட்டுப் பள்ளிச்சந்தம் வைகாவூர்த் திருமலை. மண்டலம், நாடு, வகை, ஊர் என்று சோழ அரசின் படிநிலை முழுவதும் வருகிறது. சமய எல்லையைக் குறிக்கும் ஒரு சொல்கூட அதில் கலக்கவில்லை. கொடுத்தவரோ வேறொரு பாடியைச் சேர்ந்தவர். அவர் தம் ஊர்ப் பக்கப் பள்ளியை விட்டு இங்கே வந்து கொடுத்ததற்கு விளக்கமோ அனுமதியோ தேவைப்படவில்லை. பங்கு என்று கிறிஸ்தவர்கள் சொல்லும் கட்டு அவருக்கு இல்லை. மனம் விரும்பிய மலைக்கு அவர் கொடுத்தார்.

13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தை ஒட்டித் தகடூர் அதிகமான் விடுகாதழகிய பெருமாள் இங்கே வருகிறார். சேரன் எழினி செய்வித்த இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்து, சேகண்டி அளித்து, வாய்க்காலும் வெட்டுகிறார். எழினியைத் தம் முன்னோனாகக் கருதுவதே அவருடைய காரணம். தகடூர் சவ்வாது மலைக்கு அந்தப் புறம். அவரைத் திருமலைக்கு இழுத்து வந்தது குலநினைவு, சமய ஆட்சியின் எந்த எல்லையும் அன்று.

மறுதரப்பின் வலுவான சான்று பள்ளிச்சந்தம், அதாவது பள்ளிக்கு விடப்பட்ட நிலம். நிலம் இருந்தது, வருவாய் இருந்தது, ஆகவே ஆட்சியும் இருந்தது என்பார்கள். பஞ்சபாண்டவமலைக் கல்வெட்டு இதற்கு விடை தருகிறது. ராஜராஜனின் 8ஆம் ஆட்சியாண்டில், அரசியின் வேண்டுகோளை ஏற்று லாடப்பேரரையன் வீரசோழன், கூரகன்பாடி ஊர் வருவாயிலிருந்து தான் எடுத்துவந்த கற்பூரவிலையையும் இன்னொரு வரியையும் விட்டுக்கொடுக்கிறான். அந்த ஊர் திருப்பான்மலைத் தேவருடைய பள்ளிச்சந்தம். அதன் வரும்படியையே ஒரு சிற்றரசன் கை வைத்துக் குறைக்க முடிந்தது, மீட்கவும் ஓர் அரசியின் சொல் வேண்டியிருந்தது. இது சொத்து, அதுவும் பாதுகாப்புக் குறைந்த சொத்து. ஷார்ப் அயர்லாந்துக்குச் சொன்னதைத்தான் இங்கும் சொல்ல வேண்டும்.

இன்னொரு எதிர்ச்சான்றை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். பாண்டிநாட்டுக் குரண்டித் திருக்காட்டாம்பள்ளியின் பெயரைச் சுமந்த ஆசிரியர்களும் மாணாக்கர்களும் வேறு மலைகளில் திருமேனி செய்வித்திருக்கிறார்கள். கழுகுமலையில் திருச்சாரணத்துக் குரத்தியார் பெயர் வருகிறது. தாய்ப்பள்ளி என்ற உணர்வு இருந்தது என்பதை இவை காட்டுகின்றன. அயோனாவின் துறவிக் குடும்பத்துக்கு மிக நெருங்கிய தமிழ் உவமை இதுவே. ஆனால் குரண்டியின் பெயர் கொண்டவர் எங்கே போனாலும் குரண்டிக்காரர்தான். அவர் போன இடம் குரண்டியின் எல்லை ஆகிவிடுவதில்லை.

தமிழ்ச் சமணர் அனைவருக்கும் ஒரு பீடம் என்ற நிலை பிற்காலத்தது. காஞ்சித் திருப்பருத்திக்குன்றத்தில் விஜயநகரத் தளபதி இருகப்பன் 1387–88இல் சங்கீத மண்டபம் கட்டியபோது அங்கே புஷ்பசேனர் ஆசிரியராக விளங்கினார். காஞ்சியின் வழிவந்ததாக மரபு சொல்லும் ஜினகாஞ்சி மடம் திண்டிவனம் – செஞ்சிக்கு இடையே மேல்சித்தாமூரில் இருக்கிறது. அதன் தலைவர் இலட்சுமிசேன பட்டாரகர். அந்தப் பட்டத்தோடு சேர்ந்து வரும் ஊர்கள் டெல்லி, கொல்லாபுரம், ஜினகாஞ்சி, பெனுகொண்டா. நான்கு ஊரையும் இணைத்து எந்த நிலப்படமும் வரைய முடியாது. அவற்றைக் கோப்பது சேனகணம் என்ற ஆசிரிய வழி. தமிழ்ச் சமண நயினார் குடும்பங்கள் இன்று மேல்சித்தாமூரைத் தங்கள் மடம் என்று சொல்லும் உரிமையை 9ஆம் நூற்றாண்டு விடாலின் மேல் ஏற்றிப் படிப்பதே எல்லாக் குழப்பத்துக்கும் மூலம்.

எல்லை போட்ட சமய ஆட்சி எப்படி இருக்கும் என்று பார்க்க ஆலங்காயத்துக்காரர் அயர்லாந்து போக வேண்டியதில்லை. 1952 நவம்பரில் சென்னை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரித்து வேலூர் கத்தோலிக்க மறைமாவட்டம் அமைக்கப்பட்டது. பழைய வட ஆர்க்காடு மாவட்டமே அதன் பரப்பு. சேத்துப்பட்டில் தாராஸ் அடிகள் 19ஆம் நூற்றாண்டில் உழைத்து வளர்த்த பணித்தளம் அதனுள் அடங்கியது. உள்ளே பங்குகள், பங்குக்கு ஒரு குரு, மேலே ஆயர். இங்கும் அடியொற்றிய கோடு அரசின் கோடுதான். ஆனால் அந்தக் கோடு எழுத்தில் இருக்கிறது, எந்த ஊர் உள்ளே எந்த ஊர் வெளியே என்று சொல்ல முடியும். பள்ளிகளுக்கு அப்படி ஓர் எழுத்து இல்லை.

அப்படியானால் ஆர்மாமலைத் தாமரைகளுக்கும் சித்தன்னவாசல் தாமரைகளுக்கும் உள்ள ஒற்றுமையை எப்படி விளக்குவது? சித்தன்னவாசலே குறிப்புத் தருகிறது. ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் (815–862) அங்கே அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் சேர்த்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். மதுரையில் பயின்ற ஓர் ஆசிரியர் புதுக்கோட்டைக் குன்றில் வேலை செய்விக்கிறார். அவரைப் போன்றவர்களும் அவர்களோடு வந்த ஓவியர்களும் பாலாற்றுக் கரை வரை நடந்திருக்கக் கூடாதா? காரையின் கலவை, அடிப்பூச்சின் கனம், வண்ணத்தின் மூலப்பொருள் ஆகியவற்றை இரண்டு இடங்களிலும் ஒப்பிட்டால் நடந்தது ஒரே கையா, ஒரே பயிற்சியா என்று பேச வழி பிறக்கும். மண்டலத்தின் கோட்டைத் தேடுவதை விட்டு, ஆர்மாமலைக் கூரையில் காரை இன்னும் உதிராமல் ஒட்டியிருக்கும் சில அடிப் பரப்பிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.