கூடுவாஞ்சேரி வாடகையும் 1892ஆம் ஆண்டு அரசாணையும்

விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வேலை தேடி வரும் நம் பிள்ளைகள் பலருக்குச் சென்னை என்பது முதலில் கூடுவாஞ்சேரிதான். ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் நிற்கும். மின்சார ரயில் இருக்கிறது. தாம்பரத்தைவிட வாடகை குறைவு. மறைமலை நகர் கம்பெனிகளுக்கும் போகலாம், கிண்டிக்கும் போகலாம். "சென்னைக்குப் போனால் கட்டுப்படியாகுமா?" என்று கேட்கும் மாணவர்களோடு உட்கார்ந்து நாங்கள் பலமுறை கணக்குப் போட்டிருக்கிறோம். வாடகை, அட்வான்ஸ், சீசன் டிக்கெட், மெஸ், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம். அந்தக் கணக்கில் ஒரு வரி எப்போதும் விடுபட்டுப் போகிறது. நாம் வாடகை கொடுக்கிற இந்த மண் யார் கையில் இருந்திருக்க வேண்டும் என்ற வரி. அதைத் தேடினால் நூற்று முப்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

கூடுவாஞ்சேரி பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. 1891இல் அந்த ஜில்லாவின் கலெக்டர் ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி மதராஸ் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நம் மாணவர்கள் அதைக் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டும். வறுமையைப் பார்த்து இரக்கப்படுவதோடு அவர் நிற்கவில்லை, அந்த வறுமை எப்படி உற்பத்தியாகிறது என்று காட்டினார். சேரியில் குடிசை போட்டிருக்கும் மனையே மிராசுதாருடையது. கூலி போதவில்லை என்று ஒருவர் வாய் திறந்தால், மறுநாள் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். தரிசு நிலத்தை வாங்கிப் பயிர் செய்யலாம் என்று தர்காஸ்து மனு போட்டால், மிராசுதாருக்கு அந்த நிலத்தில் முன்னுரிமை உண்டு. அதுவரை திரும்பிப் பார்க்காத தரிசின் மேல் அன்றைக்கு அவருக்குத் திடீர் ஆசை வந்துவிடும். உழுகிறவன் கையில் நிலம் வந்துவிட்டால், நாளைக்குத் தன் வயலில் யார் உழுவது? அவருடைய கவலை அது.

இந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை எண் 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதன்படி ஒதுக்கப்பட்ட நிலத்தை. நிபந்தனைகள் தெளிவானவை. முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாகாணம் முழுக்க இப்படி ஒதுக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகின்றன. அதில் நம் மக்கள் கையில் இன்று மிஞ்சியிருப்பது சொற்பம். வட்டிக்கடன், மிரட்டல், பினாமி, கண்டும் காணாத வருவாய்த் துறை என்று நிலம் போன வழிகள் பல.

நிலம் கிடைக்காதவர்கள் நகரத்தைப் பார்த்து நடந்தார்கள். மதராஸ் அவர்களுக்குக் கூலியைக் காசாகக் கொடுத்தது. வேலைநேரம் முடிந்தால் முதலாளி யாரோ, நாம் யாரோ. படியாளாக இருந்தவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இன்றைக்குக் கற்பனை செய்வதுகூடக் கடினம். செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் 'பறையன்' என்ற பெயரையே தலைப்பாக வைத்துப் பத்திரிகை நடத்தியது சென்னையில்தான். அச்சுக்கூடமும் வாசகரும் கூட்டம் போட இடமும் நகரத்தில் இருந்தன. இந்தியக் கிராமத்தைப் போற்றியவர்களுக்கு 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கொடுத்த பதிலுக்குப் பின்னால் இருப்பதும் இதே அனுபவம். அவர் கண்ணில் கிராமம் அறியாமையும் குறுகிய புத்தியும் மண்டிய இடம். ஆகவே, "ஊரை விட்டுப் போகாதே, அங்கேயே நின்று போராடு" என்று சொல்லும் மூத்த தோழர்களோடு நாங்கள் முழுக்க உடன்படவில்லை. போகிறவர்கள் காரணத்தோடுதான் போகிறார்கள்.

ஆனால் நகரத்துக்கு வந்ததும் நிலமில்லாத குறை தீர்ந்துவிடவில்லை. 1921இல் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் நிற்காமல் வேலைக்குப் போனார்கள். தொழிற்சங்க வரலாற்றை எழுதிய பலர் இதைத் துரோகமாகவும் மில் நிர்வாகத்தின் சூழ்ச்சியாகவும் எழுதிவிட்டுக் கடந்து போகிறார்கள். சம்பளம் நின்றால் ஊருக்குப் போய் ஆறு மாதம் சாப்பிட நிலம் இருப்பவரும், சம்பளம் நின்ற வாரமே அடுப்பு அணைகிறவரும் ஒரே மாதிரி வேலைநிறுத்தம் செய்ய முடியுமா? எம்.சி. ராஜா அன்றைக்குத் தம் மக்கள் பக்கம் நின்றதை அந்தப் பசியை வைத்துத்தான் நாங்கள் புரிந்துகொள்கிறோம். அதற்குக் கிடைத்த பதில், புளியந்தோப்பில் எரிந்த குடிசைகள். நகரத்திலும் சேரி இருந்தது, அதற்குத் தீ வைக்க ஆளும் இருந்தார்கள்.

அடுத்து வந்தது, உள்ளே வந்தவர்களை வெளியே தள்ளிய காலம். 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு என்பது நோக்கமாக இருந்தது. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று, கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. மயிலாப்பூரில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் பெரும்பாக்கத்திலிருந்து காலை ஏழு மணிக்கு அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பது பெயரோடு சேர்ந்து மாறவில்லை. 2021 மே மாதம் வந்த மகளிர் இலவசப் பேருந்து அந்தப் பெண்ணின் காசை மிச்சப்படுத்தியது. தூரம் அப்படியே இருக்கிறது.

இப்போது கூடுவாஞ்சேரிக்கு வருவோம். நகரத்திலிருந்து தள்ளப்படுகிறவர்கள் ஒரு பக்கம், தெற்கிலிருந்து வருகிறவர்கள் மறுபக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில், தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையில், நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது, பிறகு செங்கல்பட்டு வரை வந்தது. மறைமலை நகர் தொழிற்பேட்டை, கல்லூரிகள், 2002இல் மகேந்திரா சிட்டி, 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்று வரும்போதும் பிளாட் விளம்பரத்தில் ஒரு வரி கூடும். "ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஐந்தே நிமிடம்." அந்த நிமிடத்துக்கு எத்தனை நொடி என்று கேட்காதீர்கள்.

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது பழைய வழக்கம். மாதம் 7,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால் அட்வான்ஸ் 70,000. 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலையின் நாள்கூலி தமிழ்நாட்டில் 336 ரூபாய். ஒரு குடும்பம் நூறு நாளும் தவறாமல் வேலைக்குப் போய் முழுக்கூலியும் வாங்கினால் 33,600. இரண்டு வருடத்துக் கூலியைச் செலவே செய்யாமல் சேர்த்தாலும், கூடுவாஞ்சேரியில் ஒரு வீட்டுக் கதவைத் திறக்க அது போதாது. 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத அட்வான்ஸ்தான் என்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் தவிர, என்ற ஓட்டையையும் அதுவே வைத்திருக்கிறது.

ஏக்கர் கணக்கில் சொத்து உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த 70,000 வீட்டிலிருந்து வரும். நம் பிள்ளைக்கு வட்டிக்கு வரும், அல்லது அம்மாவின் கம்மலிலிருந்து வரும். ஒரே சம்பளம், ஒரே வாடகை, ஒரே ரயில் என்றாலும் இருவரும் வாழ்வது ஒரே நகரத்தில் அல்ல. கையில் பணம் குறைந்தால் இன்னும் மலிவான இடம் பார்க்க வேண்டும். மலிவான இடம் பெரும்பாலும் தண்ணீர் போகிற வழியில் இருக்கும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் எப்படி மூழ்கின என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பணம் இருந்தாலும் கேள்வி வரும். "சொந்த ஊர் எது? ஊருக்குள்ளயா, காலனியா?" அல்லது நாகரிகமாக, "நான்-வெஜ் சாப்பிடுவீங்களா?" டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் இதை ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். வாடகைக்கு வீடு கேட்டுத் தொலைபேசியில் அழைத்த தலித்துகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வீடு மறுக்கப்பட்டது, முஸ்லிம்களுக்கு அதைவிட அதிகமாக மறுக்கப்பட்டது. சென்னைப் புறநகரில் அப்படி ஒரு கணக்கெடுப்பை நடத்த வேண்டிய வேலையைச் சமூகவியல் படிக்கும் நம் மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கிடைக்கும் இடத்தில் விடுதியை விடாதீர்கள். சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியில் தங்கிப் படித்து வெளியே வந்தவர்களைக் கேளுங்கள், அட்வான்ஸ் இல்லாத ஒரு கட்டில் ஒரு தலைமுறைக்கு என்ன செய்தது என்று சொல்வார்கள்.

செங்கல்பட்டு இந்த அநியாயத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்க நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். ஜி.எஸ்.டி. சாலை வழியாக அன்றாடம் வேலைக்குப் போய்வரும் நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்த இரண்டு பெயர்கள் தெரியும்? பஞ்சமி நிலத்தின் நிபந்தனைகள் இன்றும் செல்லும் என்று உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பத்து கை மாறி, லேஅவுட் போட்டு, மாடி எழுப்பியிருந்தாலும், மூலப்பதிவு பஞ்சமி என்றால் அந்தக் கிரயம் செல்லாது.

அந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று அடிக்கடி கேட்கிறார்கள். கூடுவாஞ்சேரி இன்று வண்டலூர் வட்டத்தில் வருகிறது. கிராம வாரியாக அ-பதிவேடு இருக்கும். பழைய பதிவுகளில் இந்த நிலங்கள் டி.சி. நிலம் என்று குறிக்கப்பட்டிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, உங்கள் வாடகை வீடு இருக்கும் கிராமத்தின் பெயரைப் போட்டு, பஞ்சமி நிலங்களின் சர்வே எண்களையும் ஒவ்வொன்றும் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "பதிவேடு கிடைக்கவில்லை" என்று வந்தால் மேல்முறையீடு செய்யுங்கள். சர்வே எண் கிடைத்தால் வில்லங்கச் சான்று எடுத்து, முதல் கிரயம் எந்த ஆண்டு, யாரிடமிருந்து யாருக்கு என்று பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு கிராமத்தை ஒரு செமஸ்டர் விடுமுறையில் முடித்துவிடலாம்.