மானிப்பாய்க் கிறீன் டொக்டர்: ஓய்வுபெற்ற பின்னும் தமிழில் எழுதிய ஆசிரியர்

போன கிழமை பத்தாம் ஆண்டுப் பிள்ளையொன்று எங்களிடம் கேட்டது: "சேர், விஞ்ஞானத்தைத் தமிழில் படிச்சு என்ன பிரயோசனம்? கெம்பஸ் போனா எல்லாம் இங்கிலிஷ்தானே?"

வகுப்பில் சொன்ன பதில் எங்களுக்கே திருப்தியாக இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இதே கேள்வியை 160 வருடங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ஒருவர் தனக்குள் கேட்டுக்கொண்டார். பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தவர். 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக இங்கு வந்து, அடுத்த வருடம் மானிப்பாயில் நிலைகொண்டார். மதம் பரப்ப வந்தவர்தான். அதை நாம் மறைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை. ஆனால் நாம் பேசப்போவது அவர் செய்த ஆசிரியத் தொழிலைப் பற்றி.

ஆரம்பத்தில் மருத்துவ மாணவர்களுக்கு ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். பிறகு ஒன்றைக் கவனித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே போய்விடுகிறார்கள். கிராமத்து நோயாளி பழையபடி வைத்தியர் இல்லாமலே கிடக்கிறான். 1864இல் முடிவெடுத்தார், இனித் தமிழில்தான் வகுப்பு. (இன்று கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் தங்காத கதை ஞாபகம் வருகிறதா? எங்களுக்கு வந்தது.)

முடிவெடுப்பது லேசு. புத்தகம் எங்கே? அதையும் அவரே மாணவர்களையும் உதவியாளர்களையும் வைத்துக்கொண்டு செய்தார். உடலமைப்பு நூல் 'அங்காதிபாதம்' ஆனது. உடற்றொழிலியலுக்குச் 'சுகரணம்' என்று பெயர். சத்திரசிகிச்சை 'இரண வைத்தியம்'. முதலில் தமிழ்ச் சொல், கிடைக்காவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் சரிவராவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் கடைப்பிடித்த ஒழுங்கு. இரசாயனவியல் நூலுக்கு அவர் வைத்த பெயர் 'கெமிஸ்தம்'. இதை வகுப்பில் சொன்னதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் பாருங்கள், இன்று நாம் படிப்பிக்கும் 'ஒட்சிசன்', 'ஐதரசன்' எல்லாம் அதே வழியில் வந்தவைதான்.

அவர் உருவாக்கிய வைத்தியர்கள் 60 பேருக்கு மேல். அவர்களுக்கு அவர் சொன்ன இன்னொரு விஷயம் எங்களுக்குப் பிடித்தது: படித்துவிட்டோம் என்பதற்காக வெள்ளைக்காரனைப் போல உடுத்த வேண்டாம், உங்கள் ஊர் உடையோடும் சாப்பாட்டோடும் இருங்கள் என்பது.

1862இல் அமெரிக்காவில் திருமணம் முடித்து, மனைவி மார்கரெட்டுடன் மானிப்பாய்க்குத் திரும்பியவர், 1873இல் உடல்நலம் குன்றிக் குடும்பத்தோடு சொந்த ஊருக்கே போனார். அண்ணன் அண்ட்ரூ கிறீன் நியூயோர்க்கில் பெரிய புள்ளி; அங்குள்ள சென்ட்ரல் பார்க் உருவானதில் முக்கிய பங்காளி. வசதியான குடும்பம், பெரிய பண்ணை வீடு, அருகில் மனைவி பிள்ளைகள். வேறொருவர் என்றால் சாய்மனைக் கதிரையில் காலை நீட்டியிருப்பார்.

இவர் என்ன செய்தார்? தமிழ் எழுதினார். சுற்றிவர ஒரு தமிழரும் இல்லாத ஊரில், பனிக்குளிரில் இருந்துகொண்டு, மொழிபெயர்த்த தாள்களைக் கப்பலில் அனுப்பித் திருத்தினார். 'கெமிஸ்தம்' வெளிவந்தது 1875இல். 'மனுஷ சுகரணம்' 1883இல். இரண்டும் ஓய்வுக்குப் பிறகு வந்தவை. மொத்தமாகப் பார்த்தால் 4,000 பக்கங்களுக்கு மேல். தபாலுக்கே மாதங்கள் எடுக்கும் காலம் அது. நமக்கு ஒரு பாடக்குறிப்பை வட்ஸ்அப்பில் பகிரவே அலுப்பு.

அவருடைய தமிழ் மருத்துவ வகுப்பு நிலைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1870இல் கொழும்பில் ஆங்கில மொழி மருத்துவப் பாடசாலை தொடங்கிவிட்டது. காற்று அந்தப் பக்கம் வீசியது. ஆகவே அந்தப் பிள்ளையின் கேள்வி நியாயமானதுதான். ஆங்கிலம் கட்டாயம் படிக்க வேண்டும், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று வீட்டில் உம்மாவுக்கு விளங்கப்படுத்த அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வேண்டும். கிறீன் யோசித்ததும் அந்த உம்மாவைப் பற்றித்தான்.

1884 மே மாதம், 61 வயதில் வூஸ்டரில் காலமானார். அவர் கேட்டுக்கொண்டபடியே, கல்லறையில் பெயருக்குக் கீழே தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். மானிப்பாய்ப் பக்கம் போகிறவர்கள் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை ஒருதரம் எட்டிப் பாருங்கள். அடுத்த தவணைச் சுற்றுலாவில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக யோசித்திருக்கிறோம். பஸ் செலவுக்கு யாராவது உதவ விரும்பினால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.