தாளப்பாக்கத்து வீட்டில் இரு பெண்குரல்கள்

சந்திரகிரியிலிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மன், 1485இல் விசயநகர அரியணையைக் கைப்பற்றுவதற்கு முன்பே அன்னமாச்சாரியாரின் (1408–1503) புரவலன். இருவருக்கும் நேர்ந்த பிணக்கைக் கவிஞரின் பேரன் சின்னன்னா தம் தெலுங்கு வரலாற்று நூலில் விரித்துரைக்கிறார். இறைவனைக் குறித்த சிருங்காரப் பதம் ஒன்றைக் கேட்டு மகிழ்ந்த மன்னன், தன்மீதும் அவ்வாறே ஒன்று பாடுமாறு பணித்தான். கவிஞர் மறுத்தார். விலங்கு பூட்டப்பட்டது.

பக்தியுறுதிக்குச் சான்றாகவே இக்கதை வழங்கிவருகிறது. ஆனால் சச்சரவின் பொருள் யாது? பாட்டிலுள்ள பெண்ணின் காதல் எந்தத் தலைவனுக்கு உரியது என்பதே. அதை வழக்காடுவோர் இருவரும் ஆண்கள்.

அன்னமாச்சாரியாரின் பதங்களில் அத்யாத்மத்தைவிடச் சிருங்காரமே மிகுதி. அவற்றில் பல பெண்கூற்றாக அமைந்தவை: தலைவி ஊடுகிறாள், ஏசுகிறாள், தோழி கேலி செய்கிறாள். பராங்குச நாயகியையும் பரகால நாயகியையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் ஏற்ற வேடமே திருமலையில் தொடர்கிறது. அதே நூற்றாண்டு தொடங்கும் வேளையில், 1400இல், இங்கிலாந்தில் மறைந்த சாசரும் இவ்வேடம் புனைந்தவர். அவர் படைத்த பாத் நகரத்து மனைவி, பெண்களைப் பழிக்கும் நூல்களெல்லாம் ஆண்கள் எழுதியவை எனச் சீறுகிறாள். அந்தச் சீற்றத்தையும் ஓர் ஆணே எழுதினார் என்பதுதான் வேடிக்கை.

அன்னமாச்சாரியாரின் இல்லத்திலோ எழுதத் தெரிந்த பெண்ணொருத்தி இருந்தார். அவருடைய மனைவி திம்மக்கா. தெலுங்கின் முதல் பெண்கவி என்று இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் அவரையே குறிப்பர். அவர் இயற்றிய 'சுபத்ரா கல்யாணம்' மஞ்சரித் துவிபதையில் அமைந்தது. அதாவது, எதுகைக் கட்டுப்பாடு இல்லாத ஈரடி யாப்பு. பால்குரிகி சோமநாதர் பசவ புராணத்துக்குத் தேர்ந்த துவிபதையின் நெகிழ்ந்த வடிவம் இது. சம்பு காவியமே உயர்ந்ததெனக் கொண்ட புலவர்க்கு இது இளக்காரம். வாய்விட்டுப் பாடுவோர்க்கோ இசைவானது.

வடமொழிப் பாரதத்தின் ஆதிபருவத்தில் இக்கதைப் பகுதிக்குப் பெயர் சுபத்ராஹரணம். பெண்ணைக் கவர்ந்து செல்லுதல். திம்மக்காவின் நூற்பெயரில் நிற்பதோ கல்யாணம். இதை இக்காலத்து எதிர்ப்புக்குரலாகப் படிப்பது மிகை. எனினும் தலைப்பில் முன்னிற்பது ஆணின் வீரச்செயலன்று, மணவினை. பதங்களின் தலைவி ஏக்கத்துக்கும் ஊடலுக்குமே உரியவள். சுபத்திரையோ அண்ணன்மாரும் உறவினரும் சூழ்ந்த குடும்பத்துப் பெண். கணவர் பெண்ணாகிப் பாடிய வீட்டில், மனைவி தெரிந்தெடுத்தது ஒரு திருமணக் கதையை.

எழுத்தறியாத மார்ஜரி கெம்பு பிறர் கைகொண்டு எழுதுவித்த தன்வரலாறு, ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் வீட்டிலிருந்து 1934இல்தான் மீண்டும் வெளிப்பட்டது. திருமலைக் கோயில் அறையில் அடைபட்டிருந்த தாளப்பாக்கச் செப்பேடுகள் வெளிவந்ததும் இருபதாம் நூற்றாண்டிலேயே. ஆயிரக்கணக்கான அந்த ஏடுகளில் பொறிக்கப்பட்டவை அன்னமாச்சாரியார், மகன் பெத திருமலாச்சாரியார், பேரன் சின திருமலாச்சாரியார் ஆகிய மூவரின் பாடல்கள்.