ஒரு நோயாளி, நாலு கொப்பி

நமதூரில் அறுபது தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளில் ஒரு பொலித்தீன் பையைக் காணலாம். உள்ளே சீனி வருத்தத்துக்கு ஒரு கிளினிக் கொப்பி, இதயத்துக்கு இன்னொன்று, கண்ணுக்கு ஒரு துண்டு, தனியார் டொக்டரின் மருந்துச் சீட்டுகள். உம்மாவின் முழு வருத்தமும் அந்தப் பைக்குள் இருக்கிறது, ஆனால் ஒரு பக்கத்தில் இல்லை. இது நமக்கு மட்டும் வந்த சிக்கலல்ல.

நோயாளிகளைப் பற்றி அர்-ராஸி எழுதிவைத்த குறிப்புகளை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். ஒரே உடம்பில் பல வருத்தம் என்பது பெரிய கேள்வியானது, மனிதர் நீண்டகாலம் வாழத் தொடங்கிய 20ஆம் நூற்றாண்டில்தான். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டொக்டர்கள் தத்தமது பேரேட்டில் எழுதிவந்தார்கள். 1907இல் ஹென்றி பிளம்மர் அதை மாற்றி, ஒரு நோயாளிக்கு ஒரு இலக்கம், ஒரு கோவை என்றாக்கினார். கடதாசிகள் ஒன்றுசேர்ந்தன. ஆனால் பொதுவாக வைத்தியசாலைக் கோவைகளுக்குள் டொக்டர் எழுதியது ஓரிடம், தாதி எழுதியது ஓரிடம், இரத்தப் பரிசோதனை வேறிடம் என்றே கிடந்தது.

அதை உடைத்தவர் லோரன்ஸ் வீட். ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். விஞ்ஞானி எழுதும் ஒழுங்கு வைத்தியரின் குறிப்பில் ஏன் இல்லை என்று கேட்டார். 1968இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் தன் முறையை விளக்கினார். கோவையின் முன்பக்கத்தில் பிரச்சினைகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் இலக்கம். பிறகு எழுதும் எதுவும் அந்த இலக்கத்தின் கீழ்தான்: நோயாளி சொன்னது, டொக்டர் கண்டது, அவர் நினைப்பது, செய்யப்போவது.

1 நீரிழிவு, 2 உயர் குருதி அமுக்கம், 3 முழங்கால் வலி, 4 சிறுநீரகப் பாதிப்பு என்று வைப்போம். 3க்கு டைக்ளோஃபெனக் எழுதப் போகும் கை 4ஐக் கண்டு நிற்கும். அந்த வகை வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும். பட்டியல் இல்லாவிட்டால் முழங்காலுக்கு வந்தவர் வெறும் முழங்கால்தான்.

வீட் இன்னொன்றிலும் கண்டிப்பாக இருந்தார். நிச்சயமில்லாத நோயின் பெயரை எழுதக் கூடாது. மூச்சு வாங்குகிறது என்றால் அப்படியே எழுத வேண்டும். வீட்டுக் கஷ்டமும் பட்டியலில் வரலாம்.

குறை சொன்னவர்களும் உண்டு. எழுத நேரம் போகிறது, பின்னிக்கிடக்கும் வருத்தங்களைத் துண்டாக்குகிறது என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அந்த நாலு பகுதிக் குறிப்பு உலகமெல்லாம் பரவியது. பட்டியலைப் புதுப்பிப்பதுதான் பல இடங்களில் கைவிடப்பட்டது. நாம் நினைக்கிறோம், பெறுமதியான பாதி அதுதான்.

தன் குறிப்பின் பிரதி நோயாளியின் கையிலும் இருக்க வேண்டும் என்று வீட் வாதாடினார். நம்மிடம் கொப்பியே கையில் இருக்கிறது! ஓ.எல். படிக்கும் பிள்ளை ஒரு மாலையில் முதல் பக்கத்தை எழுதிவிடலாம்: வருத்தங்கள், எப்போதிருந்து, இப்போது குடிக்கும் மாத்திரைகள், ஒவ்வாத மருந்து, எழுதிய திகதி. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கொப்பி முடிந்து புதிது வாங்கினால் முதலில் பார்த்தெழுத வேண்டியதும் அந்தப் பக்கத்தைத்தான்.