பனிக்கு ஒடுங்கிப் பிழைக்கும் பிகோனியா

குமரிமுனைக்கு அருகேயுள்ள எங்கள் கொட்டாரத்தில் உறைபனி பெய்வதில்லை. ஆயினும், உறைபனியைத் தாங்கும் ஒரு செடியைப் பற்றி இன்று கூற விழைகின்றேன்.

பிரெஞ்சு அதிகாரி மிஷேல் பெகோனின் பெயரால் வழங்கும் செடியினம் பிகோனியா. அவ்வினத்துள் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிறது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் நூலில் அதன் படத்தைக் காணலாம்.

பிகோனியாவின் தண்டு நீர் நிறைந்தது. அந்நீர் உறைந்தால் தண்டு சிதைந்து, ஓரிரவிலேயே செடி கருகிவிடும். 1848-இல் மக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய உதகைத் தாவரவியல் பூங்காவிலும், மார்கழி, தை மாதங்களின் உறைபனி மென்செடிகளுக்குப் பெரும்பகையே. ஐரோப்பியர் இதற்குக் கண்ட வழி கண்ணாடி மனை.

சீன நாட்டுப் பிகோனியா ஒன்று கண்ட வழி வேறு. 1791-இல் டிரையாண்டர் அதற்குப் ‘பிகோனியா கிராண்டிஸ்’ என்று பெயரிட்டார். குளிர் வந்ததும் அதன் இலையும் தண்டும் மடியும். கிழங்கு மண்ணுள் உறங்கும். இலைக்கக்கத்தில் தோன்றிய சிறு குமிழ்கள் உதிர்ந்து, இளவேனிலில் முளைக்கும். கிழங்கின்மேல் சருகு பரப்பி, நீர் தேங்காது காத்தால் போதும். சேனைக்கிழங்கின் உறக்கத்தை அறிந்த நாஞ்சில் நாட்டு உழவருக்கு இது வியப்பன்று.

ஆனால் இச்செடி தளிர்க்கக் காலம் தாழ்க்கும். பட்டுப்போயிற்றென்று அவசரப்பட்டு மண்ணைக் கிளறுவோர் உயிருள்ள கிழங்கையே இழப்பர். வகுப்பறையில் பல்லாண்டு நின்ற நான் இதனை அழுத்திச் சொல்வேன்: தாமதித்துத் தளிர்ப்பதைப் பட்டதென்று தீர்ப்பளிக்காதீர்கள்.