தூண்டில் முள்ளில் ஓர் இறகு

தூண்டில் என்றதும் நம் நினைவுக்கு வருவது மண்புழுதான். குளக்கரையில் ஈர மண்ணைக் கிளறிப் புழு எடுத்து, முள்ளில் கோத்து, தக்கை அமிழ்கிறதா என்று பார்த்துக் காத்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் புழுவும் மாவும் இல்லாமல், வெறும் இறகையும் நூலையும் கொண்டு மீனை ஏமாற்றும் கலை ஒன்று மேலைநாடுகளில் வளர்ந்திருக்கிறது. முள்ளின் மீது இறகுகளைச் சுற்றிக் கட்டி, பூச்சி போலவோ அட்டை போலவோ தோன்றச் செய்வார்கள். இதற்குச் ‘செயற்கை ஈ’ என்று பெயர்.

இந்தச் சிறு பொருளுக்கு ஏறக்குறைய 1,800 ஆண்டு வரலாறு உண்டு. அதில் பூச்சியியலும் ஒளியியலும் உண்டு. கடல் கடந்த வணிகமும் உண்டு. ஒரு பெருந்திருட்டும் உண்டு. நமது மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுக்கோழிக்கும் அதில் ஓர் இடம் இருக்கிறது. அந்தக் கதையைக் காண்போம்.

ஆற்றங்கரையில் பிறந்த உத்தி

கி.பி. 200 அளவில் உரோமில் வாழ்ந்த ஈலியன் என்பவர் விலங்குகளைப் பற்றிக் கிரேக்க மொழியில் ஒரு நூல் எழுதினார். மாசிடோனியாவில் பாயும் ஓர் ஆற்றில் மக்கள் மீன் பிடித்த விதத்தை அதில் விவரிக்கிறார். அந்த ஆற்றில் புள்ளி போட்ட மீன்கள் இருந்தன. நீரின் மேல் பறக்கும் ஒருவகை ஈயை அவை விரும்பித் தின்றன. அந்த ஈயையே இரையாக வைக்கலாமே என்றால், மனிதனின் கை பட்டதும் அதன் நிறம் மங்கிச் சிறகு கெட்டுவிடுகிறது. மீன் அதைத் தொடுவதில்லை. ஆகவே மக்கள் முள்ளின் மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இறகுகள் இரண்டைச் சேர்த்துக் கட்டினார்கள். மீன் ஏமாந்தது!

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மீன் எதைத் தின்கிறது என்று முதலில் உற்றுநோக்கினார்கள். உண்மையான ஈ பயன்படாது என்பதைச் செய்து பார்த்து அறிந்தார்கள். பிறகு அதற்கு ஒரு மாதிரி செய்து சோதித்தார்கள். உற்றுநோக்கல், சோதனை, மாதிரி ஆகிய அறிவியலின் மூன்று படிகளும் அந்த ஆற்றங்கரையிலேயே இருந்தன.

இங்கிலாந்தில் 1496இல் தூண்டிலைப் பற்றிய ஒரு கட்டுரை அச்சேறியது. அதில் பன்னிரண்டு செயற்கை ஈக்கள், எந்த எந்த மாதத்திற்கு எது ஏற்றது என்ற குறிப்புடன் தரப்பட்டுள்ளன. ஆற்றுப் பூச்சிகள் நீருக்குள் இளம்பருவத்தைக் கழித்து, குறிப்பிட்ட பருவத்தில் இறக்கை பெற்று வெளிவருகின்றன. மீனின் உணவும் அதற்கேற்ப மாறுகிறது. பூச்சிகளின் வாழ்க்கை வரலாறு முறையாக ஆராயப்படுவதற்கு முன்பே மீன் பிடித்தவர்களுக்கு இந்த நாள்காட்டி தெரிந்திருந்தது. ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட புகழ்பெற்ற தூண்டில் நூலின் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில், செயற்கை ஈ பற்றித் தனிப் பகுதி ஒன்றைச் சார்லஸ் காட்டன் எழுதிச் சேர்த்தார்.

அதுவரை பயன்பட்டவை பெரும்பாலும் உள்ளூர்ப் பொருள்களே. சேவல் இறகு, வாத்து இறகு, ஆட்டு உரோமம், பட்டு நூல் ஆகியவையே போதுமானவையாக இருந்தன.

வண்ணத்தின் மயக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. பிரிட்டனின் கப்பல்கள் உலகெங்கும் சென்று பறவைத் தோல்களைக் கொண்டுவந்து குவித்தன. செல்வந்தர்களின் தொப்பிகளுக்குப் போனது போக, ஒரு பங்கு தூண்டில்காரர்களின் மேசைக்கும் வந்தது. சாமன் மீனுக்காகக் கட்டிய ஈக்களில் சீனத்துப் பொன்னிறப் பெசன்ட் கோழி, தென்னமெரிக்க டூக்கன் முதலிய பல பறவைகளின் இறகுகள் ஒன்றுசேர்ந்தன. 1895இல் ஜார்ஜ் கெல்சன் வெளியிட்ட சாமன் ஈ பற்றிய நூல் இந்த ஆடம்பரத்திற்கு இலக்கணமே வகுத்தது எனலாம்.

அக்காலத்துப் பெயர்களும் விந்தையானவை. ‘இந்தியக் காகம்’ என்ற பெயரில் ஒரு செம்மஞ்சள் இறகு விற்கப்பட்டது. அந்தப் பறவை இந்தியாவைச் சேர்ந்ததும் அன்று, காகமும் அன்று! தென்னமெரிக்கக் காடுகளில் பழம் தின்று வாழும் பறவை அது.

இதில் ஒரு பெரிய நகைமுரண் இருக்கிறது. அட்லாண்டிக் சாமன் முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றுக்குள் வரும்போது ஏறக்குறைய உணவே கொள்வதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே பயணத்தை முடிக்கிறது. அப்படியிருந்தும் சிலசமயம் தன்முன் அசையும் பொருளைக் கவ்வுகிறது. அதற்குப் பத்து நாட்டு இறகுகள் தேவையில்லை. எளிய கறுப்பு ஈயையும் கவ்வும். அந்த வண்ணங்களில் மயங்கியது மீனைவிட மனிதனே.

நமது காட்டுக்கோழி

சாமன் ஈக்களில் மிகவும் விரும்பப்பட்ட இறகுகளில் ஒன்று நம் நாட்டிலிருந்து சென்றது. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்தில் கறுத்த இறகுகள் உண்டு. அவற்றின் நுனியில் வெண்மையும் மஞ்சளுமான, மெழுகு பூசியது போன்ற பளபளப்பான புள்ளிகள் காணப்படும். சாதாரண இறகில் தண்டிலிருந்து மெல்லிய இழைகள் பிரிந்து நிற்கும். இங்கோ நுனிப்பகுதி தட்டையாக விரிந்து கொம்புத்தகடு போல் ஆகிவிடுகிறது. நீரில் நனைந்தாலும் அதன் பளபளப்பு குறைவதில்லை. ஈயின் இரு புறமும் ஒவ்வொன்றைக் கட்டினால், சிறு மீனின் கண்ணைப் போலவே தெரியும்.

இந்தக் கண்ணுக்காகக் காட்டுச்சேவல்கள் ஏராளமாகக் கொல்லப்பட்டு, அவற்றின் கழுத்துத் தோல்கள் கப்பலேறின. அறிவியலுக்கு இப்பறவை எவ்வளவு முக்கியமானது என்பது அப்போது தெரியாது. நம் வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி. ஆனால் பல வீட்டுக் கோழிகளின் மஞ்சள் நிறக் காலுக்குக் காரணமான மரபணு சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

சட்டம் வந்தது

இறகு வணிகத்தின் கொடுமை தொப்பிகளில்தான் உச்சத்தை அடைந்தது. வெண்கொக்குகளின் அழகிய இறகுகள் இனப்பெருக்கக் காலத்தில் வளர்பவை. தாய் தந்தையைச் சுட்டுக் கொன்றால், கூட்டிலுள்ள குஞ்சுகளும் பட்டினியால் மடியும். இதைக் கண்டித்து 1889இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருகே எமிலி வில்லியம்சன் பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்காவில் 1896இல் ஹாரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்ற இரு பெண்மணிகள் மாசசூசெட்ஸ் ஆடுபான் சங்கத்தை நிறுவினார்கள்.

இந்தியாவிலிருந்து காட்டுப்பறவைகளின் தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்வது 1902இல் தடை செய்யப்பட்டது. அமெரிக்காவில் 1918இல் வலசைப் பறவைகளுக்கான சட்டமும், பிரிட்டனில் 1921இல் இறகு இறக்குமதித் தடைச் சட்டமும் வந்தன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்கோழிக்கும் காவலாக அமைந்தது. இப்போது வெளிநாட்டில் இந்த இறகு வேண்டுவோருக்காக அங்கேயே பண்ணைகளில் இப்பறவையை வளர்க்கிறார்கள்.

அட்டை வந்தது

அரிய இறகுகளின் வரவு குறைந்ததால் செயற்கை ஈ அழிந்துவிட்டதா? இல்லை. பண்ணைக் கோழியின் இறகும் வான்கோழியின் தூவியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரசல் பிளெசிங் என்பவர் பாஸ் மீனுக்காக ஓர் எளிய ஈயைக் கட்டினார். இன்று அதுவும் அதன் வழிவந்த வடிவங்களும் அட்டையைப் போல நெளிவதால் பெரிதும் விரும்பப்படுகின்றன. அட்டை கட்டும் முறை எளியது. முள்ளை மேசையில் பொருத்திய சிறு வைஸில் இறுக்கிக்கொள்வார்கள். முள்ளின் தலைப்பக்கம் சற்று ஈயக்கம்பி சுற்றுவார்கள். பின்பக்கம், முள்ளின் நீளத்துக்குத் தூவியை வாலாகக் கட்டுவார்கள். உடலுக்குப் பஞ்சு போன்ற கயிற்றைச் சுற்றி, அதன்மேல் சேவலின் கழுத்திறகைச் சுருளாகப் பின்னி, முடிச்சிட்டு வார்னிஷ் பூசுவார்கள்.

இதன் சூட்சுமம் தூவியில் இருக்கிறது. பறக்கும் இறகின் இழைகள் சிறு கொக்கிகளால் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். அதனால்தான் அது விறைப்பாக நிற்கிறது. தூவியில் அக்கொக்கிகள் இல்லை. எனவே நீரின் மெல்லிய அசைவிலும் ஒவ்வோர் இழையும் தனித்தனியே அலைகிறது. தலை கனமாக இருப்பதால், நரம்பை விட்டு விட்டு இழுக்கும்போது அட்டை மேலும் கீழுமாக நெளிகிறது. ஒரு காலத்தில் இதற்கு ஆப்பிரிக்காவின் மாராபூ நாரையின் தூவி பயன்பட்டது. பெயர் மட்டும் இன்றும் நிலைத்திருக்கிறது, பொருளோ வான்கோழியினுடையது.

வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளில், கடலிலிருந்து திரும்பும் ஸ்டீல்ஹெட் மீனுக்கும் இத்தகைய அட்டைகளையே வீசுகிறார்கள். இது வானவில் டிரௌட்டின் கடல் செல்லும் வடிவம். ஆங்கிலேயர் நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் கொண்டுவந்து விட்ட வானவில் டிரௌட்டும் இதே இனம்தான். ஆழத்தில் சிவப்பு ஒளி விரைவில் மறைந்துவிடும். குளிர்காலத்துக் கலங்கல் நீரில் நிறத்தைவிட நிழலுருவே தெளிவாகத் தெரியும். ஆகவே கறுப்பும் கருநீலமும் அங்கே நன்கு பயன்படுகின்றன. சாயமிட்ட வான்கோழித் தூவி இதற்குத் தாராளமாகப் போதும்.

காட்சிசாலையில் திருட்டு

ஆனாலும் பழைய மயக்கம் முற்றிலும் தீரவில்லை. 2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் இரவில், இங்கிலாந்தின் டிரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையின் சன்னலை உடைத்து ஒருவர் உள்ளே புகுந்தார். 299 பறவைத் தோல்களைத் திருடிச் சென்றார். பழைய சாமன் ஈக்களை அசல் இறகு கொண்டு கட்டுவோருக்கு விற்பதே நோக்கம். அவற்றில் சில, இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினுடன் பகிர்ந்துகொண்ட ஆல்பிரட் ரசல் வாலஸ் மலாய்த் தீவுகளில் அரும்பாடுபட்டுச் சேகரித்தவை.

திருடியவர் பிடிபட்டார், பல தோல்கள் மீண்டன. ஆனால் சிலவற்றிலிருந்து சிறு அட்டைச்சீட்டு அறுக்கப்பட்டிருந்தது. அதில்தான் பறவை எந்த இடத்தில், எந்த நாளில் கிடைத்தது என்ற குறிப்பு இருந்தது. அக்குறிப்பு இல்லாத தோல் அறிவியலுக்குப் பெரும்பாலும் பயனற்றது.

இந்தப் பழைய இறகுகளால் என்ன பயன் என்று கேட்கலாம். கடற்பறவைகளின் பழைய இறகுகளையும் புதிய இறகுகளையும் ஒப்பிட்டுத்தான் கடலில் பாதரச மாசு பெருகியதை விஞ்ஞானிகள் அறிந்தார்கள். முற்காலத்தில் சேகரித்த முட்டையோடுகளை ஒப்பிட்டுத்தான், பூச்சிமருந்துகளால் வல்லூறுகளின் முட்டையோடு மெலிந்ததை 1967இல் டெரிக் ராட்கிளிஃப் உலகுக்குக் காட்டினார். நாளை எந்தக் கேள்விக்கு இவை விடை சொல்லும் என்பதை இன்று யாரும் கூற இயலாது.

மாசிடோனியாவின் மீனவர் தம் முற்றத்துச் சேவலின் இரண்டு இறகுகளோடு நிறுத்திக்கொண்டார். இன்றைய அட்டையும் பண்ணை வான்கோழியின் தூவியோடு நிறைவடைகிறது. மீனுக்கு அன்றும் இன்றும் அது போதும். இடையில் வந்த பேராசைக்கு விலை கொடுத்தவை காட்டுப் பறவைகள். வால்பாறையிலோ முதுமலையிலோ விடியற்காலையில் காட்டுச்சேவல் கூவுவதைக் கேட்க நேர்ந்தால், அதன் கழுத்தில் மின்னும் மஞ்சள் புள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவை இருக்க வேண்டிய இடம் அந்தக் கழுத்துத்தான்.